ரத்தத்தை அளக்கக் கற்றுத்தந்தவர், மாரடைப்பில் போனவர்: யார் இந்த சுப்பாராவ்?

சேலம், நாமக்கல் லேப்களில் ஹார்ட் செக்கப் எடுத்தால், ரிப்போர்ட்டில் எச்எஸ்-சிஆர்பினு ஒரு வரி இருக்கலாம். உடம்புக்குள் அழற்சி எவ்வளவுனு காட்டும் நம்பர் அது. லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் மாரடைப்பு ரிஸ்க் அதிகம். இந்தக் கதையோடு பின்னிக்கிடப்பவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

1895-ல் பீமாவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ் கைநழுவி, எல்.எம்.எஸ் தான் கிடைத்தது. அமெரிக்கா போய், ஹார்வர்டில் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து, ரத்தத்திலுள்ள பாஸ்பரஸை நிறத்தை வைத்தே அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார்.

1930-ல் நியூயார்க்கில், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் சிஆர்பி கண்டுபிடிக்கப்பட்டது. அது மாரடைப்பையும் முன்கூட்டியே காட்டும்னு தெளிவானது 1997-ல்தான்.

சுப்பாராவுக்கு அந்த வாய்ப்பே இல்லை. 1948-ல், 53 வயதில், மாரடைப்பில் இறந்தார். லெடர்லி நிறுவனத்தில் அவர் குழு உருவாக்கிய மெத்தோட்ரெக்சேட், புற்றுநோய்க்கும் பிறகு மூட்டுவாத அழற்சிக்கும் மருந்தானது.

அழற்சியைத் தணித்தால் இதயம் தப்புமா? அவர் படித்த அதே ஹார்வர்டின் ஆய்வாளர்கள், இந்த மருந்தை 4,786 பேரிடம் சோதித்தார்கள். 2019-ல் வெளியான முடிவு: சிஆர்பியும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை. ஆனால் 2017-ல் வேறொரு மருந்து அழற்சியைக் குறைத்தபோது, மாரடைப்பும் குறைந்தது.

சாதாரண காய்ச்சலிலும் சிஆர்பி ஏறும். அடைப்பு இருக்குனு அந்த நம்பர் மட்டும் சொல்லிவிடாது. கொழுப்பு, பிபி, சுகர், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து டாக்டர்தான் முடிவு சொல்லணும்.