துளைகளில் பதிந்த கணக்கு

பத்தாண்டுகளுக்கு ஒருமுறை குடிமக்களை எண்ண வேண்டும் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசமைப்புச் சட்டம் வகுத்த விதி. எந்த மாநிலத்திற்கு எத்தனை மக்கள் பிரதிநிதிகள் என்பது அந்த எண்ணிக்கையைப் பொறுத்தே அமையும். 1880ஆம் ஆண்டில் ஐந்து கோடி மக்களின் விவரங்கள் தாள்களில் வந்து குவிந்தன. எழுத்தர்கள் அவற்றைக் கண்ணால் படித்துக் கோடிட்டு எண்ணினர். வீடு வீடாகச் சென்று திரட்டிய பணி விரைவில் முடிந்தது. திரட்டியதைத் தொகுத்து அறிக்கையாக்கும் பணியோ அந்தப் பத்தாண்டின் இறுதிவரை நீண்டது. மக்கள்தொகை மேலும் பெருகினால், ஒரு கணக்கு முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும் நிலை.

அந்தத் துறையில் பணியாற்றிய இளைஞர்களுள் ஒருவர் ஹெர்மன் ஹொலரித். 1860ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். கொலம்பியாவின் சுரங்கவியல் கல்லூரியில் பத்தொன்பது வயதில் பட்டம் பெற்றவர். பிறப்பு, இறப்புப் புள்ளிவிவரங்களைக் கவனித்த மருத்துவர் ஜான் ஷா பில்லிங்ஸ், இவ்வேலையைச் செய்ய ஓர் இயந்திரம் இருக்கலாமே என்று அவரிடம் பேச்சுவாக்கில் கூறினார். பிறர் கேட்டு மறந்திருக்கக்கூடிய அச்சொல்லை ஹொலரித் மறக்கவில்லை.

முதலில் அவர் நீண்ட காகிதச் சுருளில் துளையிட்டார். துளையின் வழியே மின்சாரம் பாய்ந்தால் எண்ணிக்கை ஒன்று கூடும். முறை சரியாகவே இயங்கியது. ஆனால் சுருளுக்குள் ஒரு குறை ஒளிந்திருந்தது. நடுவிலுள்ள ஒருவரின் விவரத்தை அடைய, அதற்கு முன்னுள்ள அனைத்தையும் ஓட்டியாக வேண்டும். ஒரு வகையினரை மட்டும் பிரித்தெடுக்கவும் இயலாது. அப்போதைய இரயில்களில் பயணச்சீட்டை உரியவரன்றிப் பிறர் பயன்படுத்தாதிருக்க, பயணியின் முடிநிறம், கண்ணின் நிறம் முதலிய அடையாளங்களை நடத்துநர் சீட்டிலேயே துளையிட்டுக் குறிப்பதுண்டு. அதைக் கண்ட நினைவு ஹொலரித்துக்கு வழிகாட்டியது. ஒருவருக்கு ஓர் அட்டை என முடிவு செய்தார்.

அட்டையில் வயது, பால், பிறந்த இடம், தொழில் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வகுக்கப்பட்டது. துளை எங்கே இருக்கிறது என்பதே அதன் பொருள். இன்றைய கணினி மொழியில் அந்த இடத்தைக் களம் என்றும், அட்டையைப் பதிவு என்றும், அட்டைக்கட்டைக் கோப்பு என்றும் கூறலாம். அட்டையை அச்சில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினால், துளையுள்ள இடத்தில் மட்டும் ஊசி உள்ளே நுழைந்து, கீழேயுள்ள கிண்ணத்தின் பாதரசத்தைத் தொடும். மின்சுற்று நிறைவுற்று, எண்முகப்பின் முள் ஒரு படி நகரும். அட்டை சேர வேண்டிய பெட்டியறையின் மூடியும் தானே திறக்கும். எண்ணுதலும் வகைபிரித்தலும் ஒரே அழுத்தத்தில் நிகழ்ந்தன. இரண்டாவது பணியே இக்கண்டுபிடிப்பின் உயிர்நாடி எனலாம்.

1889இல் மூன்று முறைகளுக்கிடையே போட்டி நடத்தப்பட்டது. வண்ண அட்டைகளையும் வண்ண மையையும் நம்பிய மற்ற இரு முறைகள் அட்டவணைப்படுத்த 44 மணி நேரத்திற்கும் 55 மணி நேரத்திற்கும் மேல் எடுத்துக்கொண்டன. ஹொலரித்தின் இயந்திரம் ஐந்தரை மணி நேரத்தில் முடித்தது. அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பு அவருக்கே கிடைத்தது. மொத்த மக்கள்தொகை 6,26,22,250 எனச் சில வாரங்களிலேயே அறிவிக்கப்பட்டது. பாராட்டுக்கு மாறாக ஏமாற்றமே எழுந்தது. நாடு இன்னும் பெருகியிருக்கும் என எதிர்பார்த்த செய்தித்தாள்கள் சில, கணக்கெடுப்பையே குறைகூறின. விரைவாக வந்த விடையை நம்பத் தயங்குவது மனித இயல்புதானே!

1896இல் அவர் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். இரஷ்யப் பேரரசு 1897ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கு அவருடைய இயந்திரங்களைப் பயன்படுத்தியது. இரயில் நிறுவனங்கள் சரக்குக் கணக்கை அட்டைகளுக்கு மாற்றின. எனினும் ஹொலரித் எளிதில் வளைந்து கொடுப்பவர் அல்லர். இயந்திரங்களை வாடகைக்கே விடுவார். அந்த வாடகை மிகுதி எனக் கணக்கெடுப்புத் துறை வாதிட்டது, அவர் இறங்கிவரவில்லை. தன்னை வளர்த்த துறையோடு உறவு முறிந்தது. அத்துறை தானே இயந்திரங்களை உருவாக்கத் தொடங்கியது. அங்குப் பணியாற்றிய ஜேம்ஸ் பவர்ஸ் பின்னாளில் அவருக்கு வலுவான வணிகப் போட்டியாளரானார். ஹொலரித் தொடுத்த வழக்கும் பயன் தரவில்லை.

1911இல் அவருடைய நிறுவனம் வேறு நிறுவனங்களோடு இணைக்கப்பட்டது. இணைந்த நிறுவனம் 1924இல் ஐ.பி.எம். என்னும் பெயர் பெற்றது. ஹொலரித் 1929ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் வாஷிங்டனில் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஐ.பி.எம். 80 நெடுவரிசைகள் கொண்ட அட்டையை வெளியிட்டிருந்தது. காந்த நாடாவும் வட்டும் வந்து துளையட்டைகள் மறைந்த பின்னரும், கணினித் திரைகள் பல ஆண்டுகள் வரிக்கு 80 எழுத்துகளையே காட்டின.