அறிவகம் அமைத்த ஆதிசேஷையா

கல்விக்கு வாரி வழங்கிய வள்ளல்களைத் தமிழகம் நன்கறியும். அண்ணாமலையார் சிதம்பரத்தில் எழுப்பிய பல்கலைக் கழகத்தையும், அழகப்பர் காரைக்குடியில் எழுப்பிய கல்விக் கூடங்களையும் பாராட்டாத மேடை இல்லை. ஆனால், ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தம் சொந்தப் பொருளைக் கொண்டு அமைத்து, ஆறே ஆண்டுகளில் அதனைப் பொதுவுடைமையாக்கி, தம் பெயரைக்கூட அதற்குச் சூட்டாத ஒருவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரே டாக்டர் மால்கம் ஆதிசேஷையா.

மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிக்குக் கணக்குக் கேட்க வேண்டியவர் யார்? கணக்குக் கேட்பவரே ஆராய்ச்சியின் முடிவையும் வகுக்கலாமா? பல்கலைக் கழகத்தில் பயிலும் நம்மை விட்டு விலகாத வினாக்கள் இவை. இவற்றுக்கு ஏட்டில் விடை தேடுவதினும், கொடுக்கும் இடத்திலும் பெறும் இடத்திலும் இருந்து பார்த்த ஒருவருடைய வாழ்க்கையில் தேடுவது நன்று.

வேலூர் தந்த செல்வர்

ஆதிசேஷையா 18-4-1910 அன்று வேலூரில் பிறந்தார். ஆசிரியப் பணியில் தோய்ந்த கிறித்தவக் குடும்பம் அவருடையது. வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும் சென்னை இலயோலாக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர்க் கடல் கடந்து இலண்டன் பொருளாதாரக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் உயர் கல்வி பெற்றார். கல்கத்தாவில் சில ஆண்டுகள் கற்பித்தபின், 1940 முதல் 1946 வரை தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராகத் திகழ்ந்தார்.

அப்போது உலகப் போர் ஓய்ந்திருந்தது. ஐரோப்பாவில் பல்கலைக் கழகங்கள் பல இடிந்து கிடந்தன. மாணவர்கள் நூலின்றியும் உணவின்றியும் வாடினர். அத்தகைய மாணவர்க்கு உதவும் உலகளாவிய அமைப்பில் பணியாற்ற 1946இல் ஜெனீவா சென்றார் ஆதிசேஷையா. ஒரு நாட்டார் திரட்டிய பொருள் மற்றொரு நாட்டு மாணவன் கைக்குச் சேரும் வழிகளையெல்லாம் இரண்டாண்டுக் காலம் அருகிருந்து கண்டார். பிறகு அவர் மேற்கொண்ட பெரும்பணிக்கு அதுவே பயிற்சிக் களம் ஆயிற்று எனலாம்.

பாரிசில் 22 ஆண்டுகள்

1948இல் ஆதிசேஷையா யுனெஸ்கோவில் சேர்ந்தார். 1950இல் தொழில்நுட்ப உதவித் துறையின் பொறுப்பு அவரிடம் வந்தது. 1955இல் உதவித் தலைமை இயக்குநர். 1963இல் துணைத் தலைமை இயக்குநர். உலக நாடுகளின் கல்வி மன்றத்தில் இரண்டாம் இருக்கையில் ஒரு தமிழர் அமர்ந்தார் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி அன்றோ?

அக்காலத்தில்தான் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை பெற்றன. விடுதலை பெற்ற நாடு ஒவ்வொன்றும் பள்ளி கேட்டது, ஆசிரியரைக் கேட்டது. எத்தனை பள்ளி, எத்தனை ஆசிரியர், எவ்வளவு செலவு, எத்தனை ஆண்டு என்று கணக்கிட்டுச் சொல்ல வல்லார் மட்டும் அருகியே இருந்தனர். கல்வியைத் திட்டமிடுவதும் ஓர் ஆராய்ச்சியே என்பதை நாடுகள் உணர்ந்தன. 1962இல் யுனெஸ்கோவின் துணையோடு ஆசிய நாடுகளுக்கான கல்வித் திட்ட மையம் ஒன்று புது டில்லியில் தோன்றியது. அதுவே வளர்ந்து, இந்திய அரசின் பொறுப்பில் 1979இல் தேசியக் கல்வித் திட்ட நிர்வாக நிறுவனம் என்று பெயர் பெற்று, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக் கழகமும் ஆயிற்று. 1963இல் பாரிசில் அனைத்துலகக் கல்வித் திட்ட நிறுவனம் நிறுவப்பட்டது. அதன் ஆட்சிக் குழுவின் தலைவராகப் பின்னாளில் ஆதிசேஷையாவே விளங்கினார்.

இப்பாரிசு நிறுவனத்தின் அமைப்பு நாம் ஊன்றி நோக்கத்தக்கது. பொருள் தருவது யுனெஸ்கோவும் உறுப்பு நாடுகளும். ஆயினும், எதனை ஆராய்வது, யாரைக் கொண்டு ஆராய்வது என்பவற்றை முடிவு செய்ய நிறுவனத்துக்கெனத் தனி ஆட்சிக் குழு உண்டு. பணம் தரும் கையும் பேனா பிடிக்கும் கையும் வேறு வேறாக இருக்கவேண்டும் என்ற கொள்கை அங்கே விதியாகவே எழுதப்பட்டது.

கணக்குக் கேட்பதன் பயனையும் அக்காலம் காட்டியது. எழுத்தறிவின்மையைப் போக்க 1966இல் 11 நாடுகளில் உலக எழுத்தறிவுச் சோதனைத் திட்டம் தொடங்கிற்று. அதன் விளைவுகளை ஆராய்ந்த மதிப்பீடு 1976இல் வெளிவந்தபோது, எதிர்பார்த்த பயன் பல இடங்களில் கிட்டவில்லை என்பதை அது மறைக்கவில்லை. பொதுப் பணம் செலவிட்ட நிறுவனமே தன் குறையைத் தானே அச்சிட்டு உலகுக்கு அளித்தது. தோல்வியை ஒளிக்காத ஆராய்ச்சிதான் அடுத்த முயற்சிக்கு அடிப்படையாகும்.

சென்னையில் ஓர் அறிவகம்

1970இல் ஆதிசேஷையா பாரிசை விட்டுத் திரும்பினார். அகவை அறுபது. ஓய்வு கொள்ள உலகில் எத்தனையோ நகரங்கள் இருந்தன. அவரோ சென்னைக்கு வந்தார். துணைவியார் எலிசபெத்துடன் சேர்ந்து, சேமித்த பொருளைக் கொண்டு, 1971 சனவரியில் அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டின் உழவு, தொழில், வறுமை, கல்வி ஆகியவற்றை ஆராய்வதே அதன் நோக்கம்.

தனி மனிதர் பொருளில் நடக்கும் நிலையத்துக்கு ஒரு வசதி உண்டு. யாருக்கும் அது விடை சொல்ல வேண்டியதில்லை. ஒரு குறையும் உண்டு. அம்மனிதரோடு அது முடிந்துபோகலாம். ஆய்வாளர்க்கு மாதந்தோறும் ஊதியம் வேண்டும். நூலகத்துக்கு ஆண்டுதோறும் நூல் வேண்டும். சிற்றூர்களுக்குச் சென்று வீடு வீடாகப் புள்ளி திரட்ட வழிச்செலவு வேண்டும். ஒருவருடைய சேமிப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு 1969இல் புது டில்லியில் நிறுவப்பட்டிருந்தது. மாநிலங்களில் இயங்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கு அக்குழு ஒரு பங்கும், மாநில அரசு ஒரு பங்கும் மானியம் வழங்கும் முறை உருவாயிற்று. 1977 மார்ச்சில் ஆதிசேஷையாவின் நிலையம் இம்முறையின்கீழ் வந்தது. இந்திய அரசின் சார்பில் அக்குழுவும் தமிழ்நாடு அரசும் கூட்டாக ஆதரிக்கும் தேசிய நிறுவனமாக அது திருத்தி அமைக்கப்பட்டது. தாம் பெற்ற பிள்ளையை ஊரார் பொறுப்பில் ஒப்படைக்கும் தந்தையின் துணிவு இதற்கு வேண்டும்.

கணக்கு வேறு, கருத்து வேறு

பொதுப் பணம் வந்தால் பொது மேற்பார்வையும் உடன் வரும். நிறுவனத்தின் ஆட்சிக் குழுவில் பொருள் தருவோரின் சார்பாளர்கள் அமர்கின்றனர், அறிஞர்களும் அமர்கின்றனர். ஆண்டுதோறும் வரவு செலவு தணிக்கைக்கு உட்படுகிறது, ஆண்டறிக்கை வெளியாகிறது. அரசு மானியத்தைப் பெரிதும் நம்பி நடக்கும் நிறுவனங்களின் கணக்கை, சட்டம் வகுத்த வரம்புக்குள், நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி ஆராய 1971ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ அத்தகைய நிறுவனங்களிடம் எளிய குடிமகனும் வினா எழுப்பும் உரிமையை அளித்தது.

இவையெல்லாம் ஆராய்ச்சிக்கு விலங்கு என்று முணுமுணுப்பார் உண்டு. கொடுப்பவன் சொல்லைக் கேட்பதில் தவறென்ன என்று வாதிடுவாரும் உண்டு. இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பணம் எப்படிச் செலவாயிற்று என்று கேட்பது மேற்பார்வை. ஆராய்ச்சி எந்த முடிவுக்கு வரவேண்டும் என்று சொல்வது அதிகாரம். முன்னதை மறுப்பவன் மக்களை ஏய்க்கிறான். பின்னதற்குப் பணிபவன் அறிவை விற்கிறான்.

ஆதிசேஷையாவின் நிறுவனம் தமிழ்நாட்டின் பொருளாதாரத்தை முழுமையாக ஆராய்ந்து, அதன் செயலையும் சிக்கலையும் எடுத்துரைக்கும் நூல் ஒன்றை 1988இல் வெளியிட்டது. மாநில அரசின் மானியம் பெறும் நிலையமே அம்மாநிலத்தின் நிறைகுறைகளை எடைபோட்டது. ஆதிசேஷையாவும் ஆண்டுதோறும் நாட்டுப் பொருளாதாரத்தின் நடுவாண்டு மதிப்பீட்டை எழுதி வந்தார். அரசு தரும் புள்ளிகளைக் கொண்டே அரசை அளக்கும் வேலை அது.

இம்முறையில் இடர்ப்பாடு இல்லை என்று கூறுவதற்கில்லை. கருத்தைக் கட்டுப்படுத்த ஆணை பிறப்பிக்கத்தான் வேண்டும் என்பதில்லை. மானியத்தைக் காலம் தாழ்த்தினால் போதும். காலியான இடத்தை நிரப்பாமல் விட்டால் போதும். ஆகையால், பொருளுதவி எப்போது, எவ்வளவு வரும் என்பதும் முன்கூட்டியே உறுதியாக இருக்கவேண்டும். இரு கைகள் தாங்கும் நிலையத்தை ஒரு கை மட்டும் அசைத்துவிட முடியாது என்பதே கூட்டு மானிய முறையின் சிறப்பு. இரு கைகளும் ஒருங்கே தளர்ந்தால் நிலையம் என்னாகும் என்பதே அதன் அச்சம்.

துணைவேந்தர் பணி

1975 முதல் 1978 வரை ஆதிசேஷையா சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர். அவர் பொறுப்பேற்ற காலம் எளிய காலமன்று. நெருக்கடி நிலை நாட்டை அழுத்திக்கொண்டிருந்தது. 1976 சனவரி இறுதியில் தமிழ்நாட்டு அமைச்சரவையும் கலைக்கப்பட்டது. பாடத்தையும் தேர்வையும் கல்லூரியே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சி முறை, அவர் காலத்தில்தான் தமிழகத்தில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. கணக்கைக் கேள், கற்பிப்பதை அவர்களிடமே விடு என்னும் அதே கொள்கையின் மற்றொரு வடிவம் அது.

1976இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1978இல் மேல்நிலைக் கல்வியையும் தொழிற்கல்வியையும் ஆராய்ந்த தேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அவ்வாண்டு முதல் 1984 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகவும் இருந்தார். மானியம் பெறும் நிலையத்தை அமைத்தவரே, மானியத்துக்கு இசைவு தரும் நாடாளுமன்றத்திலும் அமர்ந்தார். 21-11-1994 அன்று சென்னையில் மறைந்தார்.

நாம் செய்யவேண்டுவது

தமிழகத்திலிருந்து வங்கக் கடல் கடந்து அந்தமானில் வாழும் நமக்கு இவ்வரலாறு எதற்கு என்று நண்பர் சிலர் கேட்கலாம். போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த நகர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். அங்கு 1967 முதல் நடக்கும் நேரு பெயர் தாங்கிய அரசுக் கல்லூரியும், 1978இல் நிறுவப்பட்ட மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையமும் மக்கள் வரிப்பணத்தில் வளர்ந்தவையே. தமிழ்நாட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பலாம். நம் தீவுகளுக்கோ சட்டமன்றம் இல்லை. மக்களவையில் உறுப்பினர் ஒருவரே. கேட்பார் குறைந்த இடத்தில், படித்தவன் கேட்கவேண்டிய கடமை மிகுதி.

ஆண்டறிக்கை வெளியானால் அதனைப் படிக்க வேண்டும். எதற்காக எவ்வளவு செலவு, என்ன கண்டனர், யாருக்குப் பயன் என்று பணிவோடும் துணிவோடும் கேட்க வேண்டும். அதே வேளையில், உண்மையைச் சொன்னதற்காக ஓர் ஆய்வாளருக்கு இடர் வருமானால் அவர் பக்கம் நிற்கவும் வேண்டும். ஆதிசேஷையா விட்டுச் சென்ற நிறுவனம் அடையாற்றில் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. அத்தகைய அறிவகங்களை அரசின் பணம் தாங்கலாம். அவற்றின் நேர்மையைத் தாங்க வேண்டியவர்கள் நாமே.