கடலன்னை காத்லீன் அம்மையார்

ஜப்பானியர் உண்ணும் நோரியை நம்மவரில் அறிந்தவர் சிலரே இருக்கலாம். கடற்பாசியைக் காகிதம்போல் உலர்த்தி, அதில் சோற்றைச் சுருட்டி உண்பார்கள். நம் கட்டுச்சோற்றுக்கு வாழையிலை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் இலையையும் சேர்த்தே தின்றுவிடுகிறார்கள், அவ்வளவுதான் வேற்றுமை! அந்தத் தொழிலுக்கு வாழ்வளித்தவர், ஜப்பான் மண்ணை ஒருநாளும் மிதித்தறியாத ஓர் ஆங்கிலப் பெண்மணி.

காத்லீன் ட்ரூ 1901-ஆம் ஆண்டு லங்காஷயரில் லீ என்னும் ஊரில் பிறந்தார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயின்று 1922-இல் முதல் வகுப்பில் தேறி, அங்கேயே விரிவுரையாளரும் ஆனார். 1928-இல் ஹென்றி ரைட் பேக்கர் என்னும் பொறியியல் அறிஞரை மணந்தார். வந்தது வினை! மணமான பெண்களுக்கு வேலையில்லை என்பது அந்நாளைய விதி. கணவர் பதவியில் நீடிக்க, அம்மையார் பதவி இழந்தார். கற்றவர் கூடிய இடத்திலா இப்படியொரு விதி என்று நமக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. ஆயினும் அவர் ஆய்வை விடவில்லை. இரு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே, ஊதியமின்றி ஆய்வகத்திற்குத் திரும்பினார். கடலைப்போல் நீர் ஏறி இறங்கும் தொட்டி ஒன்றைக் கணவர் செய்து கொடுத்தார்.

அவரை ஆட்கொண்ட புதிர் இதுதான். போர்பைரா என்னும் செம்பாசி கோடையில் பாறைகளிலிருந்து மறைந்துபோகிறது. குளிர் வரும்போது மீண்டும் தோன்றுகிறது. இடையில் எங்கே போகிறது? நம் மண்டபத்துக் கடற்பாசி ஆராய்ச்சி நிலையத்திற்கு மாணவர்களாகச் சென்றிருந்தபோது, கப்பாபைகஸ் பாசியைத் துண்டு துண்டாக்கி மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்ப்பதைக் கண்டோம். கரும்புக்கரணை நடுவதுபோல அத்தனை எளிது. போர்பைராவை அப்படி வளர்ப்பதில்லை. அதற்கு வித்து வேண்டும். ஜப்பானிய மீனவர் கடலில் மூங்கிற்கழிகளையும் வலைகளையும் நட்டு, வித்து தானே வந்து ஒட்டுமென்று காத்திருந்தனர். ஒட்டினால் சோறு, ஒட்டாவிட்டால் கடன்.

அம்மையார் அவ்வித்துகளைச் சிப்பி ஓடுகளோடு கடல்நீரில் இட்டு வைத்தார். அவை ஓட்டைத் துளைத்து உள்ளே புகுந்து, இளஞ்சிவப்பு இழைகளாய்ப் படர்ந்தன. அந்த இழைகளோ அறிவியலுக்குப் புதியவை அல்ல. 1892-இலேயே பேட்டர்ஸ் என்பவர் அவற்றைத் தனியொரு பாசியெனக் கருதிக் கான்கோசெலிஸ் என்று பெயரிட்டிருந்தார். இரண்டும் ஒன்றே, ஒரே உயிரின் இரு பருவங்கள் என்று 1949-இல் 'நேச்சர்' இதழில் அம்மையார் அறிவித்தார். சில பத்திகளே கொண்ட சிறு குறிப்பு அது!

கியூஷு பல்கலைக்கழகத்துச் செகாவா அதைக் கண்டதும் பொருளை உணர்ந்தார். போருக்குப் பின் நோரி விளைச்சல் சரிந்து, கரையோரக் குடும்பங்கள் தவித்துக்கொண்டிருந்த காலம். அவரும், குமமோட்டோவில் பணியாற்றிய ஓட்டாவும் முயன்றதன் பயனாக, தொட்டிகளில் சிப்பி ஓடுகளை வைத்து வித்து வளர்த்து வலைகளில் ஏற்றும் முறை 1950-களில் பிறந்தது. விளைச்சல் பெருகிற்று.

1952-இல் பிரிட்டிஷ் பாசியியற் கழகத்தின் முதல் தலைவரான அம்மையார், 1957-இல் தம் 55-ஆம் வயதில் மறைந்தார். 1963-இல் அரியாக்கே கடலை நோக்கிய உட்டோ நகரில் நோரி வளர்ப்போர் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினர். கடலன்னை என்று அவரைப் போற்றி ஆண்டுதோறும் அங்கே விழா எடுக்கிறார்கள். விழா நாள் ஏப்ரல் 14. பெரும்பாலும் நமக்குச் சித்திரை பிறக்கும் நாள்.