ஆல்பர்ட் சென்ட்ஜியார்ஜி

வாழைக்காயையோ கத்தரிக்காயையோ அரிந்து வெறுமனே வைத்துவிட்டால், அரிந்த முகம் சிறிது நேரத்தில் கறுத்துப்போகும். அது கருதியே நம் தாய்மார் அரிந்த காயை உடனே தண்ணீரில் இடுகின்றனர். ஆப்பிளும் பேரிக்காயும் உருளைக்கிழங்கும் இத்தகையனவே. ஆயின் ஆரஞ்சைப் பிளந்து வைத்தால் அஃது அவ்வாறு கறுப்பதில்லை, எலுமிச்சையும் கறுப்பதில்லை. இவ்வேறுபாட்டைக் கண்ணாற் காணாதார் அரியர். கண்டதோடு அமையாது, ஏன் என்று வினவி, அவ்வினாவின் பின்னே பல்லாண்டு அலைந்து, மனித உடலைக் காக்கும் ஓர் அரிய பொருளைக் கண்டெடுத்தவர் ஆல்பர்ட் சென்ட்ஜியார்ஜி என்னும் ஹங்கேரி நாட்டு அறிஞர்.

இவர் 1893 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16 ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தந்தையார் நிலவுடைமையாளர். தாயார் பிறந்த குடும்பமோ வழிவழியாக அறிவியல் கற்றோர் குடும்பம். தாய்மாமன் மிகாய் லென்ஹோசெக் புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பேராசிரியராய் விளங்கினார். அம்மாமனுக்கு மருமகனிடத்தில் நம்பிக்கை இருந்ததில்லை. இளமையில் ஆல்பர்ட் நூல்களை வெறுத்தார், பாடங்களில் பின்தங்கினார். இவன் அறிவியலுக்கு ஆகான் என்று மாமன் முடிவு கட்டிவிட்டார். பதினாறாம் வயதையொட்டி ஆல்பர்ட்டின் உள்ளத்தில் எவ்வாறோ ஒரு திருப்பம் நேர்ந்தது. படிக்கத் தொடங்கினார், நல்ல மதிப்பெண்களோடு பள்ளியை விட்டு வெளிவந்தார். 1911 இல் மருத்துவக் கல்வியிற் சேர்ந்து, மாமனின் ஆய்வுக்கூடத்திலேயே நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார்.

1914 இல் மூண்ட உலகப்போர் அவரைக் களத்திற்கு இழுத்துச் சென்றது. படைமருத்துவராய்ப் பணியாற்றி, வீரத்திற்கான வெள்ளிப் பதக்கமும் பெற்றார். ஆயினும் ஆண்டுகள் கழியக் கழிய, எவர்க்கும் பயனின்றி மக்கள் மடிவதை அவர் நெஞ்சம் பொறுக்கவில்லை. 1916 இல் தம் துப்பாக்கியால் தம் கையையே சுட்டுக்கொண்டு, பகைவர் குண்டு பட்டதென்று கூறி ஊர் திரும்பினார். இச்செயலைக் கோழைமை என்பாரும் உளர். ஆனால் பதக்கம் பெற்ற கையே அது என்பதையும் அவர்கள் எண்ணிப்பார்த்தல் வேண்டும். பிற்காலத்தில் இதனை அவர் எவரிடத்தும் மறைத்ததில்லை. எலும்பு கூடிவருங் காலத்தில் விட்ட படிப்பைத் தொடர்ந்து, 1917 இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

போர் முடிந்தபோது ஹங்கேரி சிதைந்து கிடந்தது. இளம் மனைவியோடும் பெண்குழந்தையோடும் பிராகு, பெர்லின், ஹாம்பர்க், லைடன் என நகரம் நகரமாய் அலைந்து, முடிவில் ஹாலந்து நாட்டுக் குரோனிங்கன் நகரை அடைந்தார். அங்கேதான் பழுத்த ஆப்பிளும் பேரிக்காயும் அவருடைய ஆராய்ச்சிப் பொருள்கள் ஆயின.

உயிர்வளி எனப்படும் ஆக்சிஜன் ஒரு பொருளோடு கூடுவதை ஆக்சிஜனேற்றம் என்பர். விறகு எரிவதும், இரும்பு துருப்பிடிப்பதும், அரிந்த காய் கறுப்பதும் அதன் வடிவங்களே. உண்ட உணவு நம் உடலில் வெப்பமும் ஆற்றலும் ஆவதும் அவ்வழியே. விறகு சில நாழிகையில் எரிந்து சாம்பலாகிறது. உடலிலோ அவ்வெரிதல் தீயின்றிப் புகையின்றிப் படிப்படியாக நிகழ்கின்றது. உயிருள்ள உடலுக்குள் இந்நெருப்பு எவ்வாறு அடங்கி எரிகின்றது என்பதே சென்ட்ஜியார்ஜியின் வாழ்நாள் வினா.

அடிபட்டால் கறுக்கும் செடிகொடிகளையும் கறுக்காதவற்றையும் அவர் ஒப்புநோக்கினார். பென்சிடின் என்னும் பொருளோடு ஹைடிரஜன் பெராக்சைடும் பெராக்சிடேஸ் என்னும் நொதியும் சேர்ந்தால் அக்கணமே ஆழ்ந்த நீலநிறம் தோன்றும். தூய நொதிக்கு மாற்றாக, அந்நொதியுள்ள கறுக்காத செடியின் சாற்றையே அவர் பெய்தார். நீலம் தோன்றத்தான் செய்தது. ஆனால் ஒரு நொடி தாழ்த்துத் தோன்றியது. மற்றொருவராயின் அவ்வொரு நொடியைப் பொருட்படுத்தியிரார். அவரோ அங்கேயே நின்றுவிட்டார். சாற்றில் ஏதோ ஒரு பொருள் ஆக்சிஜனேற்றத்தின் முன் சென்று நின்று, தான் தீருமளவும் நிறம் தோன்றாதவாறு தடுக்கின்றது. அது தீர்ந்தபின்னரே நீலம் வெளிப்படுகின்றது என்று உணர்ந்தார். இவ்வாறு தன்னை ஈந்து பிறவற்றைக் காக்கும் பொருள்களையே இக்காலத்தார் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் என்பர்.

இதற்கிடையே அவர்க்கு மற்றோர் எண்ணமும் எழுந்தது. நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கெட்டால், நோயாளியின் தோல் வெண்கலம்போற் பழுப்படையும். கனியின் பழுப்பும் இத்தோலின் பழுப்பும் ஒன்றே என்று அவர் கருதினார். உண்மையில் இவ்வெண்ணம் தவறானது. தோல் பழுப்பதற்குக் காரணம் வேறு. ஆயினும் தவறான அவ்வழியே அவரைச் சரியான இடத்திற் சேர்த்தது. அட்ரினல் சுரப்பியில் அவர் தேடிய பொருள் நிறைய இருந்தது.

இந்நிலையில் அவரை ஆதரித்துவந்த பேராசிரியர் ஹாம்பர்கர் 1924 இல் காலமானார். பின்வந்தவர்க்கு இவர் ஆராய்ச்சியில் ஈடுபாடில்லை. வேலை போயிற்று, கையிற் பொருளும் இல்லை. மனைவியையும் மகளையும் பிறந்த வீட்டிற்கு அனுப்பிவிட்டு, வாழ்வே கசந்த நிலையில், கடைசி முறையாக அறிஞர் கூட்டமொன்றைக் காண்போம் என்று 1926 இல் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த உடலியல் மாநாட்டிற்குச் சென்றார். தலைமை உரை ஆற்றியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிரடெரிக் ஹாப்கின்ஸ். அப்பேரறிஞர் தம் உரையில் இவ்வெளியவரின் கட்டுரையைப் பெயர் சுட்டிப் பாராட்டினார். பின்வரிசையில் அமர்ந்திருந்தவர்க்குத் தம் செவியை நம்ப இயலவில்லை. உரை முடிந்ததும் துணிந்து சென்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார். ஹாப்கின்ஸ் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார். ராக்பெல்லர் அறநிலையத்தின் உதவித்தொகையும் கிடைத்தது. தக்கார் ஒருவர் தக்க வேளையில் கூறிய ஓரிரு சொற்கள் ஓர் உயிரைத் தாங்கி நிறுத்தியதை இங்கே காண்கின்றோம்.

கேம்பிரிட்ஜில் மாட்டின் அட்ரினல் சுரப்பிகளிலிருந்தும், ஆரஞ்சு, முட்டைக்கோசு ஆகியவற்றிலிருந்தும் அப்பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் கரியணுக்கள் 6, ஹைடிரஜன் அணுக்கள் 8, ஆக்சிஜன் அணுக்கள் 6 இருந்தன. சர்க்கரையை ஒத்த அப்பொருளின் உண்மை வடிவம் அப்பொழுது தெரியவில்லை. ஆகவே, தெரியாது என்னும் பொருள்பட இக்னோஸ் என்று பெயரிட்டுக் கட்டுரை விடுத்தார். இதழாசிரியர் ஏற்கவில்லை. அப்படியானால் கடவுளுக்கே தெரியும் என்னும் பொருள்படக் காட்னோஸ் எனலாமே என்று எழுதினார். அதற்கும் இதழாசிரியர் இசைந்திலர். முடிவில் ஹெக்சூரானிக் அமிலம் என்னும் முறையான பெயரோடு 1928 இல் கட்டுரை வெளிவந்தது.

அதன்பின் அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தில் ஏறத்தாழ ஓராண்டு தங்கினார். இறைச்சிக் கூடங்களிலிருந்து பேரளவில் சுரப்பிகள் கிடைத்தன. அத்தனை உழைப்பிற்கும் கிட்டியது ஏறத்தாழ 25 கிராம் தூள். அதிற் பாதியைப் பர்மிங்காமிலிருந்த ஹாவர்த் என்னும் வேதியியல் அறிஞர்க்கு அனுப்பினார். அமைப்பைக் காண அது போதவில்லை.

1931 இல் தாய்நாட்டின் செகெட் நகரப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் அமர்ந்தார். அவ்வாண்டு ஜோசப் சுவிர்பெலி என்னும் இளைஞர் அமெரிக்காவிலிருந்து அங்கு வந்தார். பிட்ஸ்பர்க்கில் சார்லஸ் கிங் என்பாரிடம் வைட்டமின் சி ஆராய்ச்சியிற் பழகியவர் அவர்.

வைட்டமின் சி இன்மையால் வருவது ஸ்கர்வி என்னும் நோய். நெடுங்கடல் ஓடிய மாலுமிகளை ஈறு வீங்கி, குருதி கசிந்து, பழம்புண்ணும் மீண்டும் பிளக்கச் செய்து மாய்த்த நோய் அது. ஆரஞ்சும் எலுமிச்சையும் அதனைத் தீர்க்கும் என்பதை ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் 1747 இல் 12 மாலுமிகளைக்கொண்டு செய்த சோதனையாற் காட்டினார். எனினும் அக்கனிகளுள் நோய் தீர்க்கும் பொருள் எது என்பதை இருநூறாண்டு நெருங்கியும் எவரும் கண்டாரில்லை. தம்மிடமுள்ள தூளே அதுவாக இருக்கலாம் என்று சென்ட்ஜியார்ஜிக்கு ஐயம் இருந்தது. ஆயின் வைட்டமின் என்பது சமையற்காரர் கவலைப்பட வேண்டியது என்று எண்ணி வாளா இருந்துவிட்டார். பெரியோர்க்கும் இத்தகைய அசட்டை நேர்வதுண்டு.

எஞ்சிய தூளைச் சுவிர்பெலியின் கையிற் கொடுத்தார். மனிதனைப் போலவே கினிப்பன்றியும் இவ்வைட்டமினைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ள இயலாதது. ஆதலின் ஸ்கர்வி அதனையும் பற்றும். வைட்டமின் அழிந்த உணவை உண்ட கினிப்பன்றிகள் நோயுற்று மடிந்தன. அவ்வுணவோடு நாள்தோறும் சிறிது தூளும் பெற்றவை நலமாய் இருந்தன. ஐயம் தீர்ந்தது. சுவிர்பெலி தம் பழைய ஆசிரியர்க்கும் இச்செய்தியை எழுதினார். 1932 ஏப்ரல் 1 ஆம் நாள் கிங் தம் கண்டுபிடிப்பை அமெரிக்க இதழொன்றில் வெளியிட்டார். சென்ட்ஜியார்ஜியும் சுவிர்பெலியும் எழுதியது அதற்குப் பதினைந்து நாட்களின்பின் இங்கிலாந்து இதழில் வந்தது. முந்தியவர் யார் என்னும் பூசல் நெடுங்காலம் நடந்தது. கிங்கும் பல்லாண்டு உழைத்தவரே என்பதை மறுத்தல் முறையன்று.

தூளோ தீர்ந்துவிட்டது. பழச்சாற்றிலுள்ள சர்க்கரை, பொருளைப் பிரித்தெடுக்க இடையூறாய் இருந்தது. ஒரு நாள் இரவு உணவில் மனைவியார் பசிய பாப்பிரிக்கா மிளகாயை இலைக்கறிபோல் வைத்திருந்தார். செகெட் வட்டாரம் அம்மிளகாய்க்குப் பெயர்பெற்றது. அவர்க்கு அதனை உண்ண விருப்பமில்லை. மனைவியிடம் வேண்டாமென்று கூறவும் மனமில்லை. இத்தனை காலம் இதனைச் சோதிக்கவில்லையே என்னும் நினைவு அப்பொழுது தோன்றிற்று. மிளகாயை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடம் சென்றார். நள்ளிரவில் உண்மை விளங்கியது: அம்மிளகாய் வைட்டமின் சி நிறைந்த களஞ்சியம். கிராம் கணக்கில் ஏங்கியவர் சில வாரங்களில் கிலோவுக்கு மேற்பட்ட அளவு திரட்டி, உலகெங்கும் உள்ள ஆராய்ச்சியாளர்க்கு வழங்கினார். ஹாவர்த் அதன் அமைப்பை 1933 இல் தெளிந்தார். ஸ்கர்வியைத் தடுப்பது என்னும் பொருளில் அதற்கு அஸ்கார்பிக் அமிலம் என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1937 இல் உடலில் நிகழும் எரிதல் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகச் சென்ட்ஜியார்ஜிக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசும், வேதியியற் பரிசில் ஒரு பங்கு ஹாவர்த்துக்கும் கிடைத்தன.

அப்பொருள் உடலைக் காக்கும் முறை பின்னர் வந்தோரால் விரிவாக விளங்கியது. நம் உடலணுக்களில் உணவு எரியுங்கால் ஆக்சிஜனிற் சிறு பகுதி வழிதவறி, இணையிழந்த எலெக்ட்ரானை உடைய கொடிய துகள்களாய் மாறுகின்றது. அத்துகள் அண்டையிலுள்ள மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரான் ஒன்றைப் பறிக்கும். இழந்தது அடுத்ததிடம் பறிக்கும். கூரைக்குக் கூரை தீத் தாவுவதுபோல் இக்கேடு தொடர்ந்து, உயிரணுவின் உறையிலுள்ள கொழுப்பையும், புரதங்களையும், மரபுப் பொருளையும் சிதைக்கும். வைட்டமின் சி தன் எலெக்ட்ரானைத் தானே முன்வந்து கொடுத்து அச்சங்கிலியை அறுக்கின்றது. கொடுத்தபின் அது பிறவற்றைத் தாக்குவதில்லை. குளுட்டாதயோன் போன்ற பொருள்களால் மீண்டும் பழைய நிலையை எய்துகின்றது. கொழுப்பினிடையே காவல் புரியும் வைட்டமின் ஈ தன் வலிமையை இழந்தால், அதனையும் இது மீட்கின்றது. ஸ்கர்வியில் ஈறு சிதைவதும் இத்தொடர்பினதே. தசையையும் தோலையும் பிணைக்கும் கொலாஜன் என்னும் நாரினை ஆக்கும் நொதிகளில் இரும்பு உண்டு. அவ்விரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து செயலற்றுப்போகாதவாறு காப்பது வைட்டமின் சி.

இதனாற் சிலர், இப்பொருள்கள் மிகுந்தால் நன்மையும் மிகும் என்று கருதினர். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக்கொண்டு செய்த ஆய்வின் முடிவு 1994 இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் என்னும் தடுப்பான் மாத்திரையைப் பெற்றவர்களிடத்தே நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை, கூடியிருந்தது. காயிலும் கனியிலும் அளவோடு அமைந்திருப்பது வேறு, மாத்திரையில் திரட்டி விழுங்குவது வேறு போலும்.

அதே ஃபின்லாந்து 1940 இல் போரால் துன்புற்றபோது, சென்ட்ஜியார்ஜி தம் நோபல் தங்கப் பதக்கத்தை அந்நாட்டு மக்களின் துயர் தீர்க்கக் கொடுத்தவர். இரண்டாம் உலகப்போரில் ஹங்கேரி ஹிட்லரின் பக்கம் நின்றது. 1943 இல் சொற்பொழிவாற்றச் செல்வதுபோல் இஸ்தான்புல் சென்று, தாய்நாட்டை அப்போரினின்று விடுவிக்க எதிரணியினரோடு மறைவிற் பேசினார். செய்தி வெளிப்பட்டது, ஜெர்மானியர் அவரைத் தேடினர். போர் முடியுங்காறும் ஒளிந்து வாழ்ந்தார். 1947 இல் அமெரிக்கா சென்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கடற்கரையூராகிய உட்ஸ் ஹோலிலுள்ள கடல் உயிரியல் ஆய்வுநிலையத்திற் பணியாற்றினார்.

முதுமையில் மனைவியையும் மகளையும் புற்றுநோய் கொண்டது. அதன்பின் அந்நோயின் மூலத்தை எலெக்ட்ரான்களின் கொடுக்கல் வாங்கலில் தேடுவதிலேயே அவர் தம் நாட்களைச் செலவிட்டார். குரோனிங்கன் ஆய்வுக்கூடத்தில் ஒரு நொடி தாழ்த்துத் தோன்றிய நீலத்தில் அவர் முதன்முதற் கண்டதும் அக்கொடுக்கல் வாங்கலையே. புற்றுநோயின் விடை அவர்க்குக் கிட்டவில்லை. 1986 ஆம் ஆண்டு அக்டோபர் 22 ஆம் நாள், தொண்ணூற்று மூன்றாம் வயதில், உட்ஸ் ஹோலில் காலமானார்.