கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்

மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் நகையை முதற்கண் வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு கூறினார். பிறரை எள்ளி நகைப்பித்தல் யார்க்கும் எளிது. எளியாரை எள்ளாது நகைப்பித்தலோ அரிது. அவ்வருஞ்செயலைத் தமிழ்த் திரையிற் செய்து காட்டியவர் கலைவாணர் ஆவர்.

இவர் 1908ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள், நாகர்கோவிலைச் சார்ந்த ஒழுகினசேரியில் எளிய குடும்பத்திற் பிறந்தார். வறுமையினால் பள்ளிப்படிப்பு இடையிலே நின்றது. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் ஈடுபாடு மிக்க இவர், டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிற் சேர்ந்து நடிப்புப் பயின்றார். 1936இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’ இவர் நடித்த தொடக்ககாலத் திரைப்படங்களுள் ஒன்று. உடன் நடித்த டி. ஏ. மதுரம் அம்மையார் இவர்தம் வாழ்க்கைத் துணைவியுமாயினார். இருவரும் இணைந்து நடித்த நகைச்சுவைக் காட்சிகளுக்காகவே மக்கள் கொட்டகைகளிற் குழுமினர்.

புகழ் உச்சியிலிருந்தபொழுது இடி விழுந்தது. 1944இல் நிகழ்ந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கில், தியாகராஜ பாகவதரோடு இவரும் சிறைப்பட்டு, ஆயுள் தண்டனை பெற்றார். கணவரை மீட்க மதுரம் அம்மையார் அயராது உழைத்தார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று மீண்டது. 1947இல் இருவரும் விடுதலை எய்தினர். சிறை இவர்தம் உள்ளத்தைக் கசப்பாக்கவில்லை என்பதற்கு 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’யே சான்று.

அறிஞர் அண்ணாதுரை எழுத, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய அப்படத்தில் கலைவாணரே கதைத்தலைவர். பெருஞ்செல்வம் எய்திய நாட்டுப்புறத்தான் அதனை ஏழைகட்குப் பயன்படுத்த முயல்வதே கதை. அதனுள் அவர் நிகழ்த்தும் ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம் நந்தனார் சரித்திரத்தின் அமைப்பைத் தழுவியது. தீண்டாமையால் இகழப்பட்ட சிறுவன் கிந்தன், இரயிலேறிப் பட்டணஞ் சென்று கல்வி கற்றுப் பள்ளி ஆய்வாளனாக ஊர் திரும்புகின்றான். ஈண்டு நகைப்புக்கு இலக்காவோன் கிந்தனல்லன், அவனை இகழ்ந்தோரே.

கணியம்பாடியில் எங்கள் இல்லத்தார், கிறிஸ்துமஸ் விடுமுறையில் குடும்ப ஜெபம் முடிந்தபின் இப்படத்தை ஒருங்கிருந்து காண்பது வழக்கம். என் பாட்டனார் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியருகே வாழ்நாளெல்லாம் உழைத்தவர். உடலிற் படிந்த தோல் வாடையால் சிலர் முகஞ்சுளித்து விலகக் கண்டவர். ஏனைய காட்சிகட்குக் குழந்தைபோற் சிரிக்கும் அவர், கிந்தன் ஊர் திரும்புங்கால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். சிரித்த வாய் மூடுமுன் கண்ணீரை வரவழைத்த அக்கலையின் ஆற்றலை நான் நூல்களிற் கற்றதினும் அம்முகத்திற் கற்றதே மிகுதி.

ஈட்டிய பொருளைக் கேட்டோர்க்கெல்லாம் வாரி வழங்கிய கலைவாணர், 1957 ஆகஸ்டு 30ஆம் நாள், ஐம்பதாண்டும் நிரம்பாமுன் மறைந்தார். 1969 ஜனவரியில் சென்னையில் அவர் சிலையைத் திறந்துவைத்தவர், அப்பொழுது முதலமைச்சராயிருந்த அண்ணாதுரையே.

கல்லூரி மேடைகளில் நகைச்சுவை நாடகம் ஆடும் மாணவ நண்பர்காள்! ஒருவனது திக்குவாயையும், நிறத்தையும், சேரிப்பேச்சையும் காட்டிக் கைதட்டல் பெறுதல் எளிது. நாம் ஆடும் நாடகத்தைக் கிந்தன் முன்வரிசையில் அமர்ந்து காண்கின்றான் என்று கருதி ஆடுவோமாயின், கலைவாணர்க்கு அதனினும் சிறந்த நினைவுச்சின்னம் வேண்டா.