தானாக நிற்கும் டீசல் இன்ஜின் என்ன சொல்கிறது? ருடால்ஃப் டீசல் வாழ்க்கை வழியே ஒரு விளக்கம்

பள்ளம் தோண்டிக்கொண்டிருக்கும் பொக்லைன் நடுவேலையில் நின்றுவிடுகிறது. திரையில் சிவப்பு விளக்கு, கூடவே ஒரு கோடு எண். ஆபரேட்டர் மறுபடி சாவியைத் திருப்புகிறார். ஓடுகிறது. ஒரு நிமிடத்தில் மறுபடி ஆஃப். சென்சார் போயிருக்கும், மாத்திட்டா சரியாயிடும் என்பதுதான் சைட்டில் முதலில் கிளம்பும் பேச்சு. சில நேரம் அது உண்மை. சில நேரம் அந்த ஒரு நிமிடத்திலேயே கிராங்க் ஷாஃப்ட் பேரிங் தேய்ந்து, இன்ஜினையே இறக்கிப் பிரிக்கும் செலவு வந்துவிடும்.

பழுதாகி நிற்பது வேறு. பழுதாகாமல் இருக்கத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்வது வேறு. இரண்டாவது வகை இன்று பல கனரக இயந்திரங்களில் இருக்கிறது. அது எதை அளந்து நின்றது, அந்த அளவு உண்மைதானா என்பதே நோய் கண்டறிதலின் முதல் கேள்வி. இந்தக் கேள்விக்கு வயது 130-க்கும் மேல். இந்த இன்ஜினுக்குத் தன் பெயரைக் கொடுத்த ருடால்ஃப் டீசலின் சோதனைக்கூடத்திலேயே அது தொடங்கிவிட்டது.

யார் இந்த டீசல்?

1858 மார்ச் 18-ல் பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்தவர்கள். அப்பா தோல் பொருள் செய்யும் கைவினைஞர். 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும் குடும்பம் லண்டனுக்கு ஓட வேண்டியதாயிற்று. 12 வயதுப் பையன் படிப்புக்காக ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான்.

அங்கிருந்து மியூனிக் பொறியியல் கல்லூரி. குளிர்பதன இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற கார்ல் ஃபான் லிண்டெதான் அங்கே அவருக்குப் பேராசிரியர். நீராவி இன்ஜினில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் பெரும்பகுதி வீணாகிறது என்ற பாடம் அவரை விடவே இல்லை. படிப்பை முடித்து லிண்டெயின் ஐஸ் இயந்திரத் தொழிலில் வேலை பார்த்த காலத்திலும், குறைந்த எரிபொருளில் அதிக வேலை தரும் இன்ஜின் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தார்.

தீப்பொறி இல்லாத இன்ஜின்

அவருடைய யோசனை இதுதான். சிலிண்டருக்குள் காற்றை மட்டும் கடுமையாக அழுத்தினால் அது பயங்கரமாகச் சூடாகும். அந்தச் சூட்டில் எரிபொருளைச் செலுத்தினால் தானாகவே பற்றிக்கொள்ளும். தீப்பொறியே தேவையில்லை. இதற்கான ஜெர்மன் காப்புரிமை 1893-ல் கிடைத்தது.

டீசல் இன்ஜினை நிறுத்துவது ஏன் தனி வேலை என்பதற்கும் இதுவே காரணம். பெட்ரோல் வண்டியில் தீப்பொறியை அணைத்தால் போதும். டீசலில் அணைக்கத் தீப்பொறியே கிடையாது. எரிபொருளை நிறுத்த வேண்டும். அதனால்தான் இன்றைய பாதுகாப்பு அமைப்பும் ஆபத்து என்று கண்டதும் எரிபொருளையே வெட்டுகிறது.

டர்போவின் சீல் போய், இன்ஜின் ஆயில் காற்றோடு சேர்ந்து உள்ளே போக ஆரம்பித்தால் அதுவும் பலிக்காது. இன்ஜின் தன் ஆயிலையே எரித்து வேகமெடுக்கும். அப்போது காற்றின் வழியை அடைப்பது ஒன்றே வழி. இதற்கென்றே சில இயந்திரங்களில் காற்றை அடைக்கும் வால்வு தனியாக இருக்கிறது.

1893: வெடித்த அளவுகருவி

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை முதல் மாதிரியைச் செய்ய இடம் கொடுத்தது. க்ருப் நிறுவனமும் பணம் போட்டது. 1893 ஆகஸ்ட் 10-ல் முதல் சோதனை. சிலிண்டருக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 80 மடங்கைத் தாண்டியது. மேலே பொருத்தியிருந்த இண்டிகேட்டர் என்ற அளவுகருவி வெடித்துச் சிதறியது. பக்கத்தில் நின்றவர்கள் தப்பினார்கள்.

இண்டிகேட்டர் என்பது நீராவிக் காலத்திலிருந்து வந்த கருவி. ஒரு சின்ன பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், ஒரு பென்சில். பெரிய பிஸ்டன் ஏறி இறங்க, உள்ளே இருக்கும் அழுத்தத்தைப் பென்சில் காகிதத்தில் கோடாக வரையும். எரிபொருள் தாமதமாகப் பற்றினால் கோடு ஒரு மாதிரி, எங்கோ கசிந்தால் வேறு மாதிரி. இன்ஜினைப் பிரிக்காமலேயே வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரே போல.

வெடித்த சோதனையை வைத்து டீசல் யோசனையைத் தூக்கி எறியவில்லை. பற்றிக்கொள்வது உறுதியாகிவிட்டது, ஓடத்தான் இல்லை என்று பிரித்துப் பார்த்தார். காகிதக் கணக்கில் 250 வளிமண்டலம் வரை போயிருந்த அழுத்தத்தைப் பல மடங்கு குறைத்தார். எரிபொருள் செலுத்தும் முறையைத் திரும்பத் திரும்ப மாற்றினார். 1894 பிப்ரவரி 17-ல் இன்ஜின் முதல்முறையாகத் தன் பலத்தில் ஓடியது. எவ்வளவு நேரம்? சுமார் ஒரு நிமிடம், நிமிடத்துக்கு 88 சுற்று வேகத்தில்.

சரியாக 3 ஆண்டு கழித்து, 1897 பிப்ரவரி 17-ல், பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முன்னிலையில் அதிகாரபூர்வ சோதனை நடந்தது. எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது. அன்றைய சாதாரண நீராவி இன்ஜின்கள் 10 சதவீதத்தைத் தாண்டவே திணறிக்கொண்டிருந்தன.

விற்பனைக்குப் போனதும் வந்த தலைவலி

சோதனைக்கூடத்தில் நிபுணர்கள் கையில் ஓடியது வேறு கதை. 1898-ல் கெம்ப்டன் நகரத் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போன முதல் இன்ஜினைச் சீராக ஓடவைக்கவே படாதபாடு பட வேண்டியிருந்தது. டீசல் இன்ஜின் செய்வதற்கென்றே ஆக்ஸ்பர்க்கில் தொடங்கிய தனி நிறுவனம் விற்ற இன்ஜின்களும் பழுதாகித் திரும்பி வந்தன. எரிபொருளை ஊதிச் செலுத்தும் காற்று கம்ப்ரஸரும் அணுவாக்கும் முனையும் அந்தக் காலத்தின் பெரிய தொல்லைகள்.

அன்றைய இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்ளாது. பக்கத்தில் நிற்கும் ஆள்தான் சத்தம் கேட்டு, புகையைப் பார்த்து, கையால் தொட்டுச் சூடு உணர்ந்து நிறுத்த வேண்டும். அந்த ஆளின் கண், காது, கை மூன்றையும் பிற்காலத்தில் சென்சார்களும் கட்டுப்பாட்டுக் கணினியும் எடுத்துக்கொண்டன.

அன்று கோடு, இன்று எண்

இன்றைய கனரக இன்ஜின் ஆயில் அழுத்தம், கூலன்ட் சூடு, கூலன்ட் மட்டம், சுழற்சி வேகம் எல்லாவற்றையும் ஓடும்போதே பார்த்துக்கொண்டிருக்கும். பொதுவாக மூன்று படி: முதலில் எச்சரிக்கை, அடுத்து சக்தியைக் குறைப்பது, கடைசியில் நிறுத்துவது.

பல தயாரிப்பாளர்கள் பின்பற்றும் ஜே1939 தரத்தில் கோடுக்கு இரண்டு பகுதி உண்டு. எஸ்.பி.என் எது என்று சொல்லும், எஃப்.எம்.ஐ எப்படி என்று சொல்லும். எஸ்.பி.என் 100 என்றால் ஆயில் அழுத்தம், 110 என்றால் கூலன்ட் சூடு, 111 என்றால் கூலன்ட் மட்டம்.

இரண்டாவது எண்ணில்தான் விஷயமே இருக்கிறது. 100-க்குப் பக்கத்தில் எஃப்.எம்.ஐ 1 வந்தால், சென்சார் ஒழுங்காகத்தான் பேசுகிறது, அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைவு என்று பொருள். 3 அல்லது 4 வந்தால் மின்னழுத்தத்தில் கோளாறு. ஒயர், கனெக்டர், சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் பல சென்சார்கள் புகார் சொன்னால், எல்லாமே ஒன்றாகக் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. அவற்றுக்குப் பொதுவான 5 வோல்ட் சப்ளையையோ எர்த்தையோ முதலில் சோதிப்பார்கள்.

நல்ல மெக்கானிக் என்ன செய்வார்?

முதலில் மறுபடி ஸ்டார்ட் செய்ய மாட்டார். டிப் ஸ்டிக்கில் ஆயில் பார்ப்பார். மட்டம் ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால் ஆயிலில் எரிபொருள் கலந்திருக்கிறது. இன்ஜின் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறப்பார். பிறகு கோடுகளில் எது முதலில் வந்தது, அந்த நேரத்தில் வேகமும் சுமையும் எவ்வளவு என்ற பதிவைப் படிப்பார்.

அதற்குப் பின் சென்சார் சொன்னதை இன்னொரு கருவியால் சரிபார்ப்பார். ஆயில் வழியில் சாதாரண முள் கேஜ் ஒன்றை மாட்டினால் போதும். கேஜிலும் அழுத்தம் குறைவாகவே இருந்தால் ஃபில்டர், ரிலீஃப் வால்வு, பம்ப், பேரிங் என்று தேடல் போகும். கேஜ் நன்றாகக் காட்டினால் மட்டுமே சென்சார் மீது கை வைப்பார். சூடு புகார் என்றால் ரேடியேட்டர் இடுக்கில் அடைந்த தூசி, ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்ப்.

கோடே இல்லாமல் நின்றால் அது பெரும்பாலும் பாதுகாப்பு நிறுத்தமே அல்ல. திணறித் திணறி நின்றால் எரிபொருள் வழியில் அடைப்போ காற்றோ இருக்கலாம். டக்கென்று நின்றால் பேட்டரி முனையோ கணினிக்குப் போகும் மின்சாரமோ சந்தேகத்துக்குரியது.

சென்சார் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுவதுதான் இதில் மிக விலை உயர்ந்த சிக்கனம்.

டீசலின் கடைசி ஆண்டுகள்

இன்ஜின் வெற்றி பெற்றது. 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் பெரும் பரிசு. அங்கே ஓடிய ஒரு டீசல் இன்ஜின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. 1912-ல் செலாண்டியா என்ற டேனிஷ் கப்பல் டீசல் இன்ஜினோடு பெருங்கடல் கடந்தது.

அவருடைய உடம்பும் பணமும் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தன. 1898-லேயே கடும் சோர்வால் மருத்துவமனையில் இருக்க வேண்டிய நிலை வந்தது. மிச்ச காலமும் தலைவலியும் காப்புரிமைச் சண்டைகளும் துரத்தின. உரிமைகளை விற்றுக் கோடீஸ்வரரானவர் நில முதலீடுகளில் பெரும்பணத்தை இழந்தார். வெளியே பெரிய மாளிகை, உள்ளே கடன். தன் இன்ஜினின் ஒவ்வொரு கோட்டையும் நம்பிப் படித்த மனிதர், தன் கணக்கில் தெரிந்த சிவப்பு விளக்குகளைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தார்.

1913 செப்டம்பர் 29 மாலை, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற நீராவிக் கப்பலில் இங்கிலாந்து புறப்பட்டார். இரவு உணவு முடித்து அறைக்குப் போனார். காலையில் படுக்கை கலையாமல் இருந்தது; அவர் இல்லை. சில நாட்கள் கழித்துக் கடலில் கிடைத்த உடலிலிருந்த பொருட்களை அவருடைய மகன் அடையாளம் காட்டினார். விபத்தா, தற்கொலையா, கொலையா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. அவருக்கு அப்போது வயது 55.