ஒப்பமிட மறுத்த கணக்காயர்

கணக்காய்வுத் துறையில் பெரும்புகழ் ஈட்டிய ஆர்தர் ஆண்டர்சன் 1885-இல் அமெரிக்காவில், நார்வேயிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். பதினாறு வயதிற்குள் பெற்றோர் இருவரையும் இழந்தார். பகலில் வேலை, இரவில் படிப்பு என்று உழைத்து, 1908-இல் கணக்காயர் தகுதி பெற்றார். அப்போது அவருக்கு வயது 23.

1913-இல் டெலானி என்பவருடன் சிகாகோவில் கணக்காய்வு நிறுவனம் தொடங்கினார். 1918 முதல் அது ஆண்டர்சன் பெயரை மட்டும் தாங்கிற்று. தொடக்க நாளில், செலவைக் குறைத்துக் காட்டிய ரயில் கம்பெனிக் கணக்கில் ஒப்பமிட அவர் மறுத்தார் என்பர். வருமானம் போயிற்று, பெயர் நின்றது. 1947-இல் அவர் மறைந்தார்.

இத்துறையின் எட்டுப் பெரிய நிறுவனங்கள், 1989, 1998 ஆகிய ஆண்டுகளின் இணைப்புகளால் ஐந்தாகச் சுருங்கின. ஆண்டர்சன் நிறுவனம் யாருடனும் இணையாமல் அந்த ஐந்தில் ஒன்றாய் நிமிர்ந்து நின்றது. ஆனால் 2001-இல் என்ரான் கம்பெனி வீழ்ந்தபோது, அதன் கணக்கை ஆய்ந்த அந்நிறுவனத்தார் ஆவணங்களை அழித்தது வெளிப்பட்டது. 2002-இல் நீதிமன்றம் குற்றவாளி என்றது, ஐந்து நான்காயிற்று. 2005-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியும், போன நம்பிக்கை திரும்பவில்லை.

முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறிய நண்பர்களே! நிறுவனத்தைப் பின்வந்தோரிடம் ஒப்படைக்கலாம். நேர்மையை அவரவரே ஈட்ட வேண்டும்.